250 கிலோவாட் காத்தாடி, பணகுடிக்குத் தெற்கே: ஓட்டவா, விற்கவா?

பணகுடிப் பேரன் | அக்டோபர் 11, 2025, இரவு 9.20

எங்கள் தாத்தா வள்ளியூரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். 1995-இல் பணகுடிக்குத் தெற்கே இரண்டு ஏக்கர் வாங்கி, காற்றில் மின்சாரம் எடுக்கிற 250 கிலோவாட் காத்தாடி ஒன்று போட்டார். காற்றின் மேல் ஆசைப்பட்டெல்லாம் இல்லை. ஆடிட்டர் போடச் சொன்னார், போட்டார். தாத்தா போய்ப் பத்து வருடமாகிறது. இப்போது அது அம்மா பெயரிலும் இரண்டு மாமாக்கள் பெயரிலும் இருக்கிறது. கணக்கு வழக்கு மட்டும் பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் தலையில்.

இந்த வருடம் எப்படியும் 3,40,000 யூனிட் வரும். மின்வாரியம் யூனிட்டுக்குத் தருவது ரூ.2.75. ஆக ஒன்பதேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். பராமரிப்பு ஒப்பந்தம், இன்சூரன்ஸ், ஆயில், காவல்காரர் சம்பளம் எல்லாம் போக மிஞ்சுவதை மூன்று பங்காகப் போடுகிறோம். போன வருடம் கியர்பாக்ஸ் போய்விட்டது. அந்த வருடம் பங்கே கிடையாது. பெரிய மாமா கைக்காசு போட்டார்.

போன வாரம் ஒரு புரோக்கர் வந்தார். பழையதையெல்லாம் எடுத்துவிட்டுப் பெரிய மிஷின் போடப் போகிறார்களாம், நிலத்தோடு கொடுத்துவிடுங்கள் என்கிறார். அவர் சொன்ன விலையைக் கேட்டுச் சின்ன மாமா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 20 வருட ஒப்பந்தம் முடிந்து நீட்டிப்பில்தான் ஓடுகிறது. வைத்திருக்கலாமா, தள்ளிவிடலாமா?

டவர்மேல் | அக்டோபர் 11, இரவு 10.05

அண்ணாச்சி, நான் 19 வருடமாக இலெவிஞ்சிபுரம், பணகுடி, காவல்கிணறு பக்கம் டவர் ஏறுகிறவன். உங்கள் மிஷின் வகை எனக்குத் தெரியும். டவர் உயரம் 30 மீட்டர்தான் இருக்கும். அந்த உயரத்தில் வருகிற காற்று ஒன்று, 120 மீட்டரில் வருகிற காற்று வேறு. காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் அதிலிருக்கிற சக்தி மூன்று மடங்குக்கு மேலாகும். உங்கள் தாத்தா சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறார், ஆனால் பள்ளத்தில் நிற்கிற பிள்ளை மாதிரி அது நிற்கிறது.

உதிரி பாகம் அடுத்த பிரச்சினை. அந்த மாடல் செய்த கம்பெனி இன்று இல்லை. கழற்றிப் போட்ட மிஷினிலிருந்து எடுத்துத்தான் உங்களுக்கு மாட்டுவோம். போன வருடம் உங்களுக்கு வந்த கியர்பாக்ஸும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

அதற்காக உடனே விற்காதீர்கள். புரோக்கர் கேட்பது உங்கள் இரும்பை இல்லை.

மானாவாரி | அக்டோபர் 12, காலை 6.40

ராதாபுரம் பக்கத்து விவசாயி. டவர்மேல் தம்பி சொன்னது சரி, அவர்கள் கேட்பது இடத்தை. முப்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் அப்பாவிடமும் இப்படித்தான் வந்தார்கள், மானாவாரி நிலம், கருவேலம் முளைத்துக் கிடக்கிறது, வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று. கொடுத்தோம். கொடுத்த நிலத்தைச் சுற்றிப் பாதை போட்டார்கள், குளத்துக்கு வருகிற ஓடையை அந்தப் பாதை மறித்துக்கொண்டது. ஆடியில் காத்தாடி சுற்றுகிறது, ஐப்பசியில் குளம் நிறைவதில்லை. பேரன் தம்பிக்குக் கோபம் வேண்டாம். வரிக்கணக்குக்காக நட்ட கம்புகள்தானே அவை?

சப்ஸ்டேஷன் தாத்தா | அக்டோபர் 12, காலை 8.15

மின்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மானாவாரி சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவில் காற்றாலைப் பண்ணை என்று முதலில் வந்தது 1986-இல், சின்னச் சின்ன 55 கிலோவாட் இயந்திரங்கள், அரசுச் செலவில் சோதனைக்காகப் போட்டவை. தொண்ணூறுகளில்தான் தனியார் வந்தார்கள். அப்போது முதல் வருடமே இயந்திர விலை முழுவதையும் தேய்மானமாக எழுதி லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். லாபம் பார்த்த வியாபாரிக்கு அது வரிச்சலுகை. மார்ச் 31-க்குள் மிஷினை நட்டுவிட்டால் போதும், சுற்றுகிறதா என்று யாரும் கேட்கவில்லை. 1996-இல், எவ்வளவு கழிவு காட்டினாலும் கம்பெனிகள் கொஞ்சமாவது கட்டியே தீர வேண்டிய குறைந்தபட்ச மாற்று வரி வந்ததும் அந்தக் கூட்டம் கலைந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அன்றும் அப்படியேதான் அடித்துக்கொண்டிருந்தது. தொழில் மட்டும் படுத்துவிட்டது.

பிறகு தேய்மானம் 80 சதவீதமானது. 2009 டிசம்பரில், உற்பத்தி செய்யும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா ஊக்கத்தொகை கொண்டுவந்தார்கள். நல்ல யோசனை. நின்றால் காசில்லை, சுற்றினால்தான் காசு. 2012-இல் இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். மறு வருடம் ஊக்கத்தொகையையும் 2014-இல் தேய்மானச் சலுகையையும் திருப்பிக் கொடுத்தார்கள். 2017-இல் தேய்மானம் 40 ஆனது, ஊக்கத்தொகை முடிந்தது. இத்தனை தடவை திறந்து மூடினால் வாய்க்கால் மடைகூடத் தாங்காது. தொழிற்சாலை வைத்தவன் எப்படித் தாங்குவான்?

நூல்கணக்கு | அக்டோபர் 12, பகல் 1.30

தாத்தா சொன்னதோடு ஏலத்தையும் சேர்க்க வேண்டும். நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்குப் பார்க்கிறேன், எங்கள் ஆலைக்குச் சொந்தமாக ஆறு காத்தாடி உண்டு.

2016-இல் தமிழ்நாட்டில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வைத்த விலை யூனிட்டுக்கு ரூ.4.16. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுவனம், யார் குறைந்த விலைக்குத் தருவார் என்று முதல் ஏலம் விட்டது: ரூ.3.46. அக்டோபரில் 2.64. டிசம்பரில் குஜராத் விட்ட ஏலத்தில் 2.43. பத்தே மாதம்! மின்சாரம் வாங்குகிற மாநிலமெல்லாம், இனி நாம் ஏன் நாலு ரூபாய் கொடுக்க வேண்டும் என்று பழைய விலையில் ஒப்பந்தம் போடுவதை நிறுத்தின. 2016-17-இல் நாடு முழுக்க 5,500 மெகாவாட் அளவுக்குப் புதிதாக வந்தது. மறு வருடம் 2,000-கூட இல்லை. 2022-க்குள் 60,000 என்று இலக்கு வைத்து 42,000 பக்கம்தான் போய்ச் சேர்ந்தோம்.

ஏலமே தப்பு என்று நான் சொல்லவில்லை. விலை குறைந்தால் எல்லாருக்கும் நல்லதுதான். ஆனால் ஏலத்தில் ஜெயிக்கிறவர் பெரிய நிறுவனம். அவர் குஜராத் கட்சுக்குப் போய் நூற்றுக்கணக்கில் நடுவார். ஒன்று, இரண்டு என்று போட்ட பாத்திரக்கடைக்காரரும் ஆலைக்காரரும் அந்தப் பந்தியில் உட்காரவே முடியாது. தமிழ்நாடு 11,000 மெகாவாட்டுக்கு மேல் வைத்திருந்தும் முதலிடத்தைக் குஜராத்திடம் விட்டது இப்படித்தான்.

டவர்மேல் | அக்டோபர் 12, இரவு 9.50

அந்த 2018-ஐ நான் மறக்க மாட்டேன் அக்கா. நான் வேலை பார்த்த இடத்தில் ஐந்து மாதம் சம்பளமில்லை. எங்கள் டீமில் பன்னிரண்டு பேர் இருந்தோம், நாலு பேர் வளைகுடாவுக்கும் இரண்டு பேர் குஜராத்துக்கும் போனார்கள், ஒருவன் வடக்கன்குளத்தில் பரோட்டாக் கடை போட்டான். அவன் கடை இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது, காற்றுக் கம்பெனிதான் ஓடவில்லை.

உவரிக்காரன் | அக்டோபர் 13, காலை 5.55

பரோட்டாக் கடை எந்த இடம் தம்பி?

நடத்துநர் | அக்டோபர் 13, காலை 9.00

கடை விவரம் தனிச் செய்தியில். இழை காற்றைப் பற்றியே போகட்டும்.

பணகுடிப் பேரன் | அக்டோபர் 13, பகல் 2.10

ஒரு சந்தேகம். புரோக்கர், “நீங்கள் வாரியத்துக்கு விற்றுக் கெட்டீர்கள், ஒரு ஆலைக்குக் கொடுத்திருந்தால் யூனிட்டுக்கு ஆறு ரூபாய் மிச்சப்படும்” என்கிறார். உண்மையா?

நூல்கணக்கு | அக்டோபர் 13, மாலை 7.00

கொஞ்சம் உண்மை. சொந்தமாகக் காத்தாடி வைத்திருக்கும் ஆலை, ஊர் வெளியில் உற்பத்தி செய்து, வாரியத்தின் கம்பி வழியாகக் கொண்டுவந்து தன் பில்லில் கழித்துக்கொள்ளும். வெளியே வாங்குகிற யூனிட்டின் விலை மிச்சமாகிறது. உங்கள் மின்சாரத்தை நாங்கள் அப்படி வாங்க வேண்டுமானால் ஆலை உங்கள் காத்தாடியில் 26 சதவீதப் பங்காவது வைத்திருக்க வேண்டும், உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால், வெளியாரிடம் மின்சாரம் வாங்குகிற ஆலையிடம் வாரியம் வசூலிக்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் விழும், ஆறு ரூபாய் கரைந்துவிடும்.

அப்புறம் பேங்கிங். இதுதான் எங்களுக்கு உயிர். காற்று வைகாசிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாசி வரை. குற்றாலத்தில் சாரல் விழுகிறபோது இங்கே மிஷின் ஓடும். ஆலை ஓடுவதோ பன்னிரண்டு மாதமும். எனவே நெல்லைக் குதிரில் போட்டு வைத்து எடுக்கிற மாதிரி, ஆடியில் மிஞ்சிய யூனிட்டை வாரியத்தின் கணக்கில் போட்டுவைத்து மாசியில் எடுத்துக்கொள்வோம். மார்ச் 31-க்குள் எடுத்துவிட வேண்டும். இந்தக் குதிருக்குக் கூலி முதலில் 5 சதவீதம், அப்புறம் 12, 2018-இல் 14. அந்த வருடம் மார்ச்சுக்குப் பிறகு போட்ட மிஷினுக்கு வருடக் குதிரே கிடையாது. அன்றிலிருந்து எங்கள் முதலாளி காத்தாடி என்ற பேச்சையே எடுப்பதில்லை. சோலார் போட்டுவிட்டார்.

சப்ஸ்டேஷன் தாத்தா | அக்டோபர் 14, காலை 7.30

அம்மா, உங்கள் குதிர் உவமை அழகு. ஆனால் குதிரில் போட்ட நெல் குதிரிலேயே இருக்கும். நீங்கள் ஆடியில் கொடுத்த யூனிட்டை நாங்கள் எங்கே வைத்தோம்? மின்சாரத்தை வைக்க இடமில்லை. அன்றே யாரோ விளக்கு எரித்துத் தீர்த்துவிட்டார்கள். மாசியில் நீங்கள் கேட்கும்போது நிலக்கரி எரித்தோ வெளிச்சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்கியோதான் திருப்பித் தருகிறோம். ஆடி நடுராத்திரியில் வந்த யூனிட்டும் மாசி மாலை ஏழு மணி யூனிட்டும் ஒரே யூனிட்டா?

நான் வாரியத்துக்கு வக்காலத்து வாங்குவதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். 2012-இல் சென்னைக்கு வெளியே பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் மின்வெட்டு. அதே வருடம் ஆடியில் இங்கே மிஷின்களை நிறுத்தச் சொன்னோம், ஏனென்றால் மின்சாரத்தைக் கொண்டுபோகக் கம்பி இல்லை. இந்தக் கொடுமையை எந்த ஊரிலும் பார்க்க முடியாது. கயத்தாறிலிருந்து காரைக்குடி வழியாகப் புகளூருக்கு 400 கிலோவோல்ட் பாதை பிறகுதான் வந்தது. 2021-இல் சத்தீஸ்கரின் ராய்கர்–புகளூர் நேர்மின்னோட்டப் பாதையும் முழுசாக வந்தது. 6,000 மெகாவாட் தாங்கும், தேவைப்பட்டால் நம்முடையதை வடக்கே தள்ளலாம்.

அதன் பிறகும் ‘பேக் டவுன்’, அதாவது மிஷினை நிறுத்தச் சொல்வது, ஓயவில்லை. விதிப்படி காற்றாலை கட்டாயம் ஓட வேண்டிய நிலையம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் தேவை குறைந்திருக்கும். கூடங்குளத்தைக் குறைக்க முடியாது, அனல் நிலையத்தைப் பாதிக்குச் சற்று மேலே வைத்துத்தான் ஆக வேண்டும், அதற்குக் கீழே இறக்கினால் கொதிகலன் ஒத்துழைக்காது. நீரை மேலே ஏற்றிச் சேமிக்கலாம் என்றால் நம்மிடம் இருப்பது கடம்பாறை 400 மெகாவாட் ஒன்றுதான். குந்தா இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். குதிர் கட்டாமல் குதிருக்குக் கூலி வாங்குகிறோம் என்பது என் மனதிலும் உறுத்துகிறது.

நூல்கணக்கு | அக்டோபர் 14, பகல் 12.45

சரி, அந்தக் கடைசி வரிக்காகச் சண்டையை நிறுத்திக்கொள்கிறேன்.

உவரிக்காரன் | அக்டோபர் 15, காலை 6.10

நிலத்தில் இத்தனை சிக்கல் என்றுதான் கடலுக்கு வரப்போகிறார்களாம். 2015-லிருந்து இந்தப் பேச்சைக் கேட்கிறோம். மன்னார் வளைகுடாவில் நல்ல காற்று, 500 மெகாவாட் இங்கே, 500 குஜராத்தில், ரூ.7,453 கோடி என்று 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதற்கு முன்னே தமிழ்நாட்டுக் கடலுக்கு 4,000 மெகாவாட் டெண்டர் போட்டார்கள். இந்த வருடம் அதை ரத்து செய்துவிட்டார்கள். யாரும் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? கடலுக்குள் நடும் செலவுக்கு எந்த மாநிலமும் விலை கொடுக்காது.

எங்களுக்கு அதில் வருத்தமில்லை, மறைக்காமல் சொல்கிறேன். உவரி, கூட்டப்பனை, கூத்தங்குழி, இடிந்தகரை என்று வரிசையாக ஊர். கரைக்காற்று தொடங்கி எத்தனை நாளில் எந்த மீன் எங்கே வரும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். கம்பத்தைச் சுற்றி வலை போடக்கூடாது என்பார்கள், எத்தனை மைல் என்று மட்டும் எங்களிடம் சொல்ல மாட்டார்கள். அணு உலை வந்தபோதும் முதலில் படம் காட்டினார்கள்.

மானாவாரி | அக்டோபர் 15, இரவு 8.00

உவரி அண்ணாச்சி சொன்னதுதான் எங்கள் கதையும். ஆனால் ஒன்று. இப்போது எட்டயபுரம், கயத்தாறு பக்கம் சோலாருக்குக் குத்தகை கேட்கிறார்கள். அதில் நிலம் முழுக்க மூடிவிடும், ஆடுகூட மேயாது. காத்தாடியின் அடியில் நான் உளுந்து விதைக்கிறேன். அந்த வகையில் காத்தாடி பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது. முப்பது வருடம் திட்டிவிட்டு இதைச் சொல்வதால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

சப்ஸ்டேஷன் தாத்தா | அக்டோபர் 16, காலை 7.10

உளுந்தோடு இதையும் சேருங்கள்: சோலார் சாயங்காலம் படுத்துவிடும், நம் காற்று சாயங்காலம்தான் எழுந்திருக்கும். நாட்டுக்கு இப்போது மின்சாரம் போதாத நேரம் சூரியன் இறங்கிய பிறகுதான். இரண்டையும் ஒரே மீட்டரில் வைத்து ஏலம் எடுத்தால் வெறும் மலிவு விலையில் சோலார் ஜெயிக்கும். நேரத்துக்கு விலை வைத்தால் காற்றுக்கு மரியாதை வரும். காற்றும் சோலாரும் சேர்ந்த கலப்புத் திட்டம், சேமிப்போடு சேர்த்த திட்டம் என்று இப்போது டெண்டர்கள் வருவது அதனால்தான்.

பணகுடிப் பேரன் | அக்டோபர் 16, இரவு 9.30

பெரியவர்களே, எல்லாம் சரி. என் மிஷின்?

டவர்மேல் | அக்டோபர் 17, இரவு 10.20

வருகிறேன் அண்ணாச்சி. ரீபவரிங், அதாவது பழைய மிஷினை எடுத்துவிட்டுப் பெரியது போடுவது என்று ஊரெல்லாம் பேச்சு. மத்திய அரசு 2016-இல் ஒரு கொள்கை போட்டது, 2023-இல் திருத்தியது. மாநிலம் 2024 ஆகஸ்டில் தனியாகப் போட்டது. 20 வருடம் தாண்டிய மிஷினை மாற்று, அல்லது புதுப்பி, அல்லது ஆயுள் நீட்டிப்பு வாங்கு, அதற்கு மேம்பாட்டுக் கட்டணம் கட்டு என்று. அதை எதிர்த்து நூற்பாலைக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள்.

காகிதத்தில் நன்றாக இருக்கும். உங்கள் இடத்தில் என்ன ஆகும் என்று பாருங்கள். 3 மெகாவாட் மிஷினில் றெக்கை சுற்றும் விட்டம் 140 மீட்டர் வைத்துக்கொள்வோம். இரண்டு மிஷினுக்கு நடுவே காற்றடிக்கிற திசையில் விட்டத்தின் ஏழு மடங்கு, பக்கவாட்டில் ஐந்து மடங்கு இடைவெளி என்பது இங்கே பழைய அளவு. அதாவது 980 மீட்டருக்கு 700 மீட்டர், கிட்டத்தட்ட 170 ஏக்கர். உங்கள் புல எண்ணைத் தனிச் செய்தியில் கொடுத்தீர்கள் அல்லவா, நான் போய்ப் பார்த்தேன். அந்தக் கட்டத்துக்குள் உங்களையும் சேர்த்துப் பதினொரு பழைய காத்தாடி நிற்கிறது. பதினொன்றும் சேர்ந்து வருடம் 37 லட்சம் யூனிட் கொடுத்தால் பெரிது. ஒற்றை 3 மெகாவாட் மிஷின் 80 லட்சத்தைத் தாண்டும்.

அப்படியென்றால் ஏன் நடக்கவில்லை? பதினொரு மிஷினுக்குப் பதினொரு முதலாளி. சிலர் வாரியத்துக்கு விற்கிறார்கள், சிலர் ஆலைக்கு ஓட்டுகிறார்கள், ஒவ்வொருவர் ஒப்பந்தமும் ஒவ்வொரு தேதி. பழைய 11 கிலோவோல்ட் ஃபீடர் கம்பியில் பெரிய மிஷினைக் கொக்கி போட முடியாது. பாதை, டிரெயிலர் திரும்ப வளைவு, எல்லாம் மாற வேண்டும். பழைய மிஷினுக்கு இருந்த வருட பேங்கிங் புதியதற்கு வருமா என்பதில்தான் ஆலைக்காரர் நிற்பார். பதினொரு பேரும் ஒரு பாயில் உட்கார வேண்டும். யாராவது ஒருவர் எழுந்து போனால் முடிந்தது.

புரோக்கர் செய்வது அதுதான். ஒவ்வொருவராக எழுப்பி, தனித்தனியாகக் குறைந்த விலைக்கு வாங்கி, கடைசியில் பாயை மொத்தமாக ஒரு பெரிய கம்பெனிக்கு விற்பார்.

நூல்கணக்கு | அக்டோபர் 18, காலை 10.00

தம்பி புட்டுப் புட்டு வைத்துவிட்டார். இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். செப்டம்பர் 22-லிருந்து காற்றாலைச் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 ஆகிவிட்டது, புதிது போடுகிறவருக்குச் செலவு குறையும். ஜூலைக் கடைசியில் வந்த உத்தரவுப்படி றெக்கை, டவர், கியர்பாக்ஸ், ஜெனரேட்டர், பேரிங் எல்லாம் அரசு பட்டியலில் உள்ளவையாக இருக்க வேண்டும். சீனச் சரக்கைத் தடுக்கத்தான். உள்ளூர் பட்டறைக்கு நல்லது, விலை கொஞ்சம் ஏறவும் செய்யலாம்.

இன்னொன்று, வெளி மாநிலத்துக்கு மின்சாரம் அனுப்பக் கடத்தல் கட்டணம் கிடையாது என்ற சலுகை ஜூன் 30-க்குள் முடித்த திட்டங்களோடு சரி. இனி வருடத்துக்கு 25 சதவீதமாக ஏறும். ராஜஸ்தான், குஜராத்தில் போட்டு இங்கே கொண்டுவருவதைவிட வாங்குகிறவன் பக்கத்திலேயே போடுவது லாபமாகும். அதாவது உங்கள் இடத்துக்கு மதிப்பு கூடும்படிதான் காலம் திரும்புகிறது. இப்போது விற்பவர் அவசரப்பட்டவர்.

பணகுடிப் பேரன் | நவம்பர் 9, இரவு 8.40

நன்றி சொல்ல வந்தேன். டவர்மேல் தம்பியோடு நானும் பெரிய மாமாவும் போய்ப் பார்த்தோம். மாமா கீழே நின்றே ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்தார். அந்த மிஷினைக் கிட்டத்தில் பார்த்து இருபது வருடமாம். இன்னும் ஒரு சீசன் ஓட்டுவது என்று முடிவு. கியர்பாக்ஸை மட்டும் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

அந்தப் பதினொரு பேர் பட்டியலையும் எடுத்தோம். இரண்டு ராஜபாளையத்து ஆலை, ஒரு நாகர்கோவில் நகைக்கடை, ஒருவர் இறந்து வாரிசுச் சண்டை, நாலு பேர் பேசலாம் என்கிறார்கள், ஒருவர் ஏற்கெனவே விற்றுவிட்டார். பத்தாவது ஆள் எங்கள் பெரியப்பா. கிணற்றுப் பங்கில் தகராறாகி 2003-லிருந்து அவர் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை. அவர் காத்தாடிதான் அந்தக் கட்டத்தின் நடுவில் நிற்கிறது. தை மாதம் அவர் பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகை வருகிறதா என்று அம்மா தினமும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டவர்மேல் | நவம்பர் 9, இரவு 9.15

பத்திரிகை வராவிட்டாலும் போய்விட்டு வாருங்கள் அண்ணாச்சி. அவருக்கும் அதே மாடல்தான், கியர்பாக்ஸ் அவருக்கும் சத்தம் போடுகிறது. நான்தான் பார்க்கிறேன்.